உயில் எழுதினால் ஆயுசு குறையுமா?

இந்த வாரம் தபால் பை முழுக்கச் சொத்து வாசனை. பதில் சொல்கிறவனுக்கு அதில் பங்கில்லை என்பதால் தைரியமாகப் பேசலாம்.

என் கணவருக்கு 58 வயது. உயில் பேச்சை எடுத்தாலே, ‘சாகச் சொல்றியா?’ என்று எழுந்து போய்விடுகிறார்.
– இல்லத்தரசி, மன்னார்குடி

எல்.ஐ.சி. ஏஜென்ட் வந்தபோது எழுந்து போனாரா? அவரும் அதே விஷயத்தைத்தானே பேசினார்! உங்கள் கணவர் எழுதாவிட்டால், 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் அவருக்காக ஏற்கெனவே ஒன்று எழுதி வைத்திருக்கிறது. அதன்படி மனைவி, மகன், மகள், அம்மா நால்வருக்கும் சமபங்கு. அப்பாவுக்கு அந்த வரிசையில் இடமில்லை. அதாவது உங்கள் மாமியாருக்கும் உங்களுக்கும் ஒரே அளவு. இதைப் படித்ததும் அவரைவிட நீங்கள்தான் அவசரப்படுவீர்கள்.

உயிலை எத்தனை ரூபாய் பத்திரத்தில் எழுத வேண்டும்?
– ரிட்டயர்டு ஆசிரியர், விருத்தாசலம்

முத்திரைத்தாளே வேண்டாம். பேரன் நோட்டில் கிழித்த தாள் போதும். கீழே உங்கள் கையெழுத்து, அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. ரிஜிஸ்தர் செய்வது உங்கள் இஷ்டம். செய்து வைத்தால், ‘இது அப்பா கையெழுத்தே இல்லை’ என்கிறவரின் குரல் கொஞ்சம் இறங்கும், அடங்கிவிடாது. ஒரு வரியை மட்டும் மறக்காதீர்கள்: ‘இதில் சொல்லாமல் விட்டதும் இனிமேல் சேரப்போவதும் இன்னாருக்கு.’ வீட்டையும் நிலத்தையும் ஒழுங்காகப் பிரித்துவிட்டு, பிறகு வாங்கிய பிளாட்டை மறந்துபோன உயில்கள் கோர்ட்டில் நிறைய உண்டு.

ரிஜிஸ்தர் செய்த உயிலை, ரிஜிஸ்தர் செய்யாத உயில் ஜெயிக்குமா?
– இரண்டாவது மகன், ஊர் வேண்டாம்

பின்னால் எழுதியதாக இருந்து, முறையாகவும் எழுதப்பட்டிருந்தால் ஜெயிக்கும். ஊர் போடாவிட்டாலும் உங்கள் அண்ணன் இதைப் படித்திருப்பார்.

என் வாக்கிங் நண்பர்கள் இருவர் சாட்சி போடத் தயார். போடலாமா?
– 74 வயது இளைஞர், திருச்சி

அவர்களுடைய வயதை எழுதவில்லையே! நான் ஜூனியராக இருந்தபோது ஒரு பெரியவரின் உயில் ஆபீசுக்கு வந்தது. முத்து முத்தான எழுத்து, குழப்பமில்லாத பங்கு. ஆனால் சாட்சிகள் இருவரும் அவர் வயதுக்காரர்கள். அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். உயிலை நிரூபிக்க, சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி, ‘என் கண்முன்னால்தான் கையெழுத்துப் போட்டார்’ என்று சொல்ல வேண்டும். ஒருவரும் உயிரோடு இல்லையென்றால், எழுதியவர் கையெழுத்தோடு, ஒரு சாட்சியின் கையெழுத்தையாவது அவருடையதுதான் என்று காட்டியாக வேண்டும்.

செத்துப்போனவரின் கையெழுத்துக்கு எங்கே போவது? இரண்டு மாதம் அலைந்தோம். கடைசியில் சாட்சியின் மகன் வீட்டுப் பரணில், துருப்பிடித்த டிரங்குப் பெட்டிக்குள், அந்த மகனின் எட்டாம் வகுப்பு ப்ராக்ரஸ் ரிப்போர்ட் கிடைத்தது. கணக்கில் 34. அதன் எதிரே ‘பெற்றோர் கையொப்பம்’. போட்ட கோபத்தில் பேனா முள் தாளையே கிழித்திருந்தது. அந்த மகனுக்கு அப்போது பேரன் எடுத்தாயிற்று. அதை கோர்ட்டில் காட்டச் சம்மதிக்க ஒரு வாரம் யோசித்தார். யாரோ ஒருவரின் இரண்டு ஏக்கர் நஞ்சையை அந்த 34 மார்க்தான் காப்பாற்றியது.

ஆகவே, உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவர்களாகப் பாருங்கள். உயிலில் பங்கு கிடைக்கப்போகிறவரைச் சாட்சி போட வைக்காதீர்கள். கிறிஸ்தவர் எழுதும் உயிலில் அப்படிச் செய்தால் அந்தப் பங்கே செல்லாமல் போய்விடும். இந்துக்கள் செய்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அல்வா.

அப்பா தன் ஃபிக்சட் டெபாசிட்டுக்கு என்னைத்தான் நாமினியாகப் போட்டார். தங்கை பாதி கேட்கிறாள். நியாயமா?
– அண்ணன், கோவை

அப்பா உயில் எழுதாமல் போய், வாரிசு நீங்கள் இருவர் மட்டும்தான் என்றால் நியாயம்தான். நாமினி என்பவர் பந்தியில் பரிமாறுகிறவர். வாளி கையில் இருப்பதால் பாயசம் முழுக்க அவருடையதாகிவிடாது. இன்ஷூரன்ஸ் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 1984-லேயே இதைச் சொல்லிவிட்டது. (பிறகு 2015-ல் இன்ஷூரன்ஸ் சட்டம் மாறி, பெற்றோர், கணவன்-மனைவி, பிள்ளைகள் நாமினியானால் அந்தப் பணம் அவர்களுக்கே என்றானது. பேங்க் டெபாசிட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.) 2025 நவம்பரிலிருந்து பேங்க் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம். வாளிகள் கூடியிருக்கின்றன, அவ்வளவுதான்.

புரோபேட், புரோபேட் என்கிறார்களே, அது என்ன? வாங்கியே ஆக வேண்டுமா?
– மூத்த மருமகள், மயிலாப்பூர்

‘இது உண்மையான உயில்தான்’ என்று கோர்ட் சீல் வைத்துத் தருவது புரோபேட். இந்துக்களின் உயிலுக்கு இதில் ஒரு வேடிக்கை இருந்தது. வெள்ளைக்காரன் ஹைகோர்ட் வைத்த சென்னை, பம்பாய் நகரங்களிலும், அன்றைய வங்காளத்திலும் மட்டும் கட்டாயம். சொத்து கூவம் கரையில் இருந்தால் கோர்ட்டுக்கு நட. காவிரிக் கரையில் இருந்தால் உட்கார். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆவது பிரிவு செய்த இந்த வேலையை 2025 டிசம்பரில் பார்லிமென்ட் நீக்கிவிட்டது. இப்போது கட்டாயமில்லை, விரும்பினால் வாங்கலாம். கொழுந்தனார் முறைக்கிற வீடாக இருந்தால் வாங்கி வைப்பது உத்தமம்.

‘உயில் எதுக்கும்மா? இப்பவே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துடு’ என்கிறான் மகன்.
– 68 வயது அம்மா, சேலம்

உயில் நீங்கள் போன பிறகு பேசும். நடுவில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். செட்டில்மென்ட் ரிஜிஸ்தர் ஆன அன்றே வீடு அவனுடையது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், ‘என் ஆயுள் வரை நான் குடியிருப்பேன், வாடகையை நானே வாங்குவேன், மகன் என்னைப் பராமரிக்க வேண்டும்’ என்று பத்திரத்திலேயே போடுங்கள். அந்த நிபந்தனையில் கொடுத்து, பிறகு அவன் கவனிக்காவிட்டால், 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் ரத்து கேட்கலாம். அந்த வரிகளைப் படித்ததும் மகன் முகம் எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

கணவர் இறந்துவிட்டார், குழந்தை இல்லை. என் சம்பளத்தில் வாங்கிய ஃபிளாட் எனக்குப் பிறகு என் அம்மாவுக்குத்தானே?
– வங்கி ஊழியர், மதுரை

இல்லை. உயில் இல்லாவிட்டால், நீங்களே சம்பாதித்த சொத்து உங்கள் கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அவர்களில் ஒருவரும் இல்லையென்றால்தான் உங்கள் அம்மா. 2009-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறக்க, புகுந்த வீடு அந்தப் பெண்ணைத் துரத்திவிட்டது. பிறந்த வீடு படிக்க வைத்தது, வேலைக்குப் போனார், சேர்த்தார், உயில் எழுதாமல் இறந்தார். பணம் போனது கணவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்கு. பரிதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்ற முடியாது என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டுத் தாளை எடுங்கள். அடுத்த கேள்வியை அப்புறம் படிக்கலாம்.

ஜெயலலிதா ஏன் உயில் எழுதவில்லை?
– பழைய ரத்தத்தின் ரத்தம், தேனி

தெரிந்திருந்தால் நான் ஏன் கேள்வி-பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்? 2016-ல் அவர் மறைந்தார்; அண்ணன் பிள்ளைகள்தான் வாரிசு என்று ஹைகோர்ட் சொன்னது 2020-ல். ஒரு மாநிலத்துக்கே பட்ஜெட் போட்டவர் வீட்டுக்கே அந்தக் கதி.

நீங்கள் எழுதிவிட்டீர்களா?
– சந்தேகப் பேர்வழி, நாகர்கோவில்

எழுதிவிட்டேன். பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், மஞ்சள் கவர். போன வாரம் மனைவி எடுத்து வரி வரியாகப் படித்துவிட்டு, ‘சைக்கிளை யாருக்குமே எழுதலையே’ என்றாள். ‘விட்டுப்போனதெல்லாம் உனக்குன்னு கடைசி வரி இருக்கே’ என்றேன்.

‘இந்த வயசுல எனக்கு எதுக்கு சைக்கிள்?’ என்கிறாள்.