கற்றாழைப் பானம்

புட்டிக்குள் ஆரோக்கியத்தை அடைத்து விற்கும் வித்தை நூதனமானதன்று. 1886-ல் அட்லாண்டா நகரத்து மருந்து வியாபாரி பெம்பர்ட்டன், தலைவலிக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் ஔஷதமென்று விளம்பரப்படுத்திய கோகோ கோலாவை அறிந்தோர் இதற்கெல்லாம் வியப்படையார். அந்த ஸ்தானத்தை இன்று கற்றாழை வகிக்கிறது. நான் ருசிபார்த்த புட்டியின் முகப்பில் ஒரு முழுச் செடியே படமாய்த் தழைத்திருக்க, திருப்பிப் பார்த்தால், ஒட்டுக்காகிதத்தின் மடிப்போரம், பூதக்கண்ணாடி வைத்திருக்கும் பாக்கியவான்களுக்கென அச்சிட்ட எழுத்தில், 100 மில்லிக்குச் சர்க்கரை 11 கிராம் என்றிருந்தது. அரை லிட்டரைக் குடித்து முடித்தால், உலக சுகாதார நிறுவனம் நாள் முழுமைக்கும் வகுத்த சுமார் 50 கிராம் வரம்பை ஒரே மூச்சில் தாண்டிவிடலாம். ருசியோ? சர்க்கரைப் பாகில் கற்றாழை ஸ்நானம் செய்துவிட்டுக் கரையேறியிருக்கக்கூடுமென்று சந்தேகிக்க இடமுண்டு. சாட்சிக்கு மிதந்த வழவழப்பான துண்டுகளில் பாதி, தொண்டைக்குள் இறங்க மறுத்துப் புட்டியின் அடியிலேயே சத்தியாக்கிரகம் செய்தன.