கிளெய்ம் மாமா

எங்கள் நங்கநல்லூரில் யாருக்காவது கழுத்து பிடித்துக்கொண்டாலும், தோள் இறுகிக் கை மேலே எழாவிட்டாலும், டாக்டருக்கு முன்னால் சேதி போய்ச் சேருவது கிளெய்ம் மாமாவுக்குத்தான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்தில் நல்ல பிசியோதெரபிஸ்ட் யார் என்று கேட்கத்தான் அவரிடம் போவோம். பதிலுக்கு முன்னால் கேள்வி வரும்.

"பாலிசி எந்தக் கம்பெனி?"

"வலது தோள் மாமா, ராத்திரியெல்லாம்..."

"தோள் கிடக்கட்டும். ஃபேமிலி ஃப்ளோட்டரா, தனிப் பாலிசியா?"

சுற்றுவட்டாரத்து பிசியோ கிளினிக் ஒன்று பாக்கியில்லை. பெண் பார்க்க வந்த சம்பந்தி மாதிரி எல்லாவற்றிலும் போய் உட்கார்ந்து விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். பி.பி.டி.யா, எம்.பி.டி.யா? எந்தக் காலேஜ்? பதிவு எண் உண்டா? "நாலரை வருஷம் படிச்சவனும் போர்டு மாட்டறான், நாலு நாள் மசாஜ் கத்துண்டவனும் போர்டு மாட்டறான். நாமதான் பார்த்துக்கணும்" என்பார். இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பிசியோதெரபி உள்ளிட்ட மருத்துவம் சார்ந்த தொழில்களை முறைப்படுத்த 2021இல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்ததை, புதிதாகக் கடை விரித்த ஒரு பையனிடம் அரை மணி நேரம் எடுத்துச் சொன்னார். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வலி எங்க சார்?" என்றான்.

"அது அப்புறம் தம்பி. பில்லுல ரெஜிஸ்டர் நம்பர் அச்சாகி வருமா, கையால எழுதுவியா?"

வலி இல்லாமல் இல்லை. மாடிப்படி இறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் மாமா இறங்குவார். முழங்காலுக்கு 10 சிட்டிங் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு பாலிசிப் புத்தகத்துக்குள் இருக்கிறது, பக்கம் அடையாளத்துக்கு. எதற்கெல்லாம் பணம் தரமாட்டோம் என்று கம்பெனி வரிசையாகச் சொல்லும் பக்கம் அது. ஓய்வுக்காகவும் மறுவாழ்வுச் சிகிச்சைக்காகவும் மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கிடையாது என்கிற ஐந்தாம் விலக்கின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. இந்த விலக்கு இன்ன கம்பெனி என்றில்லை, எல்லாப் பாலிசியிலும் ஏறக்குறைய இதே வாசகத்தில்தான் இருக்கும். ஆனாலும் கம்பெனிக்குப் போன் போடுவதை மாமா நிறுத்தவில்லை. ஸ்பீக்கரில்தான் பேசுவார், தெருவுக்கே பிரயோஜனப்படட்டும் என்று.

"பிசியோதெரபிக்கு கேஷ்லெஸ் உண்டாம்மா?"

"அட்மிஷன் இல்லாம கிடைக்காது சார். உங்க பாலிசில ஓ.பி. கவர் எடுக்கல."

"சரி, அட்மிட் ஆயிடறேன். 24 மணி நேரம்தானே?"

"பிசியோதெரபிக்கு மட்டும்னு அட்மிட் ஆனா வராது சார்."

"வேற எதுக்கு ஆனா வரும்? நீயே ஒண்ணு சொல்லு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வாத்தியம் வாசித்தார்கள்.

எதிர் ஃப்ளாட் மாமிக்கு மூட்டு மாற்று அறுவை நடந்தபோதுதான் மாமாவின் முழு வித்தையையும் பார்த்தோம். மற்றவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனார்கள். மாமா காலி ஃபைல் ஒன்றோடு போனார். "கொடுத்து வெச்சவா மாமி நீங்க" என்றார், கட்டுப் போட்ட காலைப் பார்த்து. பரிகாசம் இல்லை, நிஜமான பொறாமை. டிஸ்சார்ஜ் ஆன பிறகு 60 நாள் வரைக்கும் ஆகிற செலவைப் பல பாலிசிகள் ஏற்கும். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் பிசியோதெரபியையும் அதில் சேர்க்க வழி உண்டு. மாமி முழங்காலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்திக்கொண்டிருக்க, மாமா பக்கத்தில் உட்கார்ந்து பில்களைத் தேதிவாரியாக அடுக்கினார். டாக்டர் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லாம் இரண்டு செட் ஜெராக்ஸ். துண்டுக் காகிதத்தில் ரசீது எழுதிக்கொண்டிருந்த பிசியோ, மாமா படுத்திய பாட்டில் வரிசை எண் போட்டு பில் புத்தகமே அடித்துவிட்டார். பணம் வந்தது. மாமி இப்போது கோயிலை மூன்று சுற்று சுற்றுகிறார்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள், 2021 ஆகஸ்ட்டிலிருந்து நடக்கிறது, காசே வேண்டாம், உங்கள் காலுக்குக் கேட்டுப் பார்க்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். மாமா யோசித்தார்.

"இலவசம்னா பில் தரமாட்டாளே?"

மாமா கட்டி வருகிற பாலிசியில் கிளெய்ம் வாங்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் போனஸ் உண்டு. அது இன்றைய தேதிவரை ஒரு வருஷம்கூடத் தப்பாமல் ஏறிக்கொண்டிருக்கிறது.