தொரப்பள்ளி டு வாஷிங்டன், வழி கெலவரப்பள்ளி

தங்கை மகன் எம்.ஏ. ஐஆர் படிக்கப் போகிறேன் என்றதும் அவன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மனிதர் சிப்காட்டில் 25 வருஷ சர்வீஸ். அவரைப் பொறுத்தவரை ஐஆர் என்றால் இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ். யூனியன்காரர்கள் கேட்டில் உட்கார்ந்தால் டீ வாங்கிக்கொடுத்து எழுப்பிவிடுகிற ஆபீசர் வேலை. பையன் சொன்னதோ இன்டர்நேஷனல் ரிலேஷன்ஸ். நான் திருத்தப் போகவில்லை. வேலை என்னவோ ஒன்றுதான், கேட்தான் வேறு.

“அட்மிஷனுக்கு முன்னாடி ஒரு ஃபீல்ட் விசிட் போலாம் வாடா” என்று பைக்கில் ஏற்றி, ஓசூரிலிருந்து கெலவரப்பள்ளி அணைக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் இந்தப் படிப்பின் ஜாதகத்தைச் சொல்லிக்கொண்டே போனேன்.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, இனி யாரும் அடித்துக்கொள்ளக் கூடாது என்று வேல்ஸில் ஒரு நிலக்கரி முதலாளி ஆசைப்பட்டார். பெயர் டேவிட் டேவிஸ். 1919-ல் அபரிஸ்ட்வித் கல்லூரியில் இந்தப் பாடத்துக்கு உலகின் முதல் பேராசிரியர் நாற்காலியைப் போட்டார். அதில் உட்கார்ந்தவர் ஆல்ஃப்ரெட் ஸிம்மர்ன். தேசங்களுக்கு இடையே நல்லுறவு வளர்க்க வந்தவர், பக்கத்து டிபார்ட்மென்ட்டோடு கொஞ்சம் அதிகமாகவே உறவு வளர்த்துவிட்டார். பிரெஞ்சுப் பேராசிரியரின் மனைவியோடு காதல்! ஊரே சிரிக்க, 1921-ல் நாற்காலியைக் காலி செய்தார். அந்த அம்மாளையே கல்யாணமும் செய்துகொண்டார். ஆக, இந்தப் பாடத்தின் முதல் எல்லைத் தகராறு ஸ்டாஃப் ரூமில்தான் வெடித்தது.

1936-ல் அதே நாற்காலிக்கு வந்தவர் ஈ.எச். கார். டேவிஸ் காசைக் கொட்டியது சர்வதேச சங்கத்தின் புகழ் பாட. கார் அதையே வகுப்பில் கிழித்துத் தொங்கவிட்டார். டேவிஸுக்கு வயிறு எரிந்தது. 1939-ல் காரின் புத்தகம் வெளிவந்த சமயத்தில் இரண்டாம் உலகப் போரும் ரிலீஸ். எது ஹிட் என்று உங்களுக்கே தெரியும்.

“நம்ம ஊர்ல யாரும் இதைப் படிக்கலையா மாமா?”

படிக்காமலே பாஸான ஒருவர் உண்டு. ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த முனிசீப் மகன் ராஜாஜி. படித்தது சட்டம். 1962 செப்டம்பர் 28-ம் தேதி, 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத் தூதுக்குழுவோடு வெள்ளை மாளிகைக்குள் நுழைந்தார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்ல வேண்டுமாம்! அப்போது அமெரிக்கா பசிபிக்கில் தீபாவளி கொண்டாடிக்கொண்டிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த கென்னடிதான் நிஜமான ஐஆர் மாணவர். ஹார்வர்டு. மியூனிக் ஒப்பந்தம் பற்றி ப்ராஜெக்ட். அப்பா லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தவர், எனவே மகனின் ப்ராஜெக்ட் 1940-ல் புத்தகமாகவே வந்தது. (நம்ம ஊரில் அப்பா ஸ்பைரல் பைண்டிங்குக்குக் காசு கொடுத்தாலே பெரிது.) கென்னடி ஒதுக்கியிருந்தது அரை மணி நேரத்துக்கும் குறைவு. தாத்தா பேசப் பேச ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது. 80 வயதில் நேருவுக்கு எதிராகப் புதுக் கட்சி தொடங்கியவரிடம் கடிகாரத்தைக் காட்ட எந்த செகரட்டரிக்குத் துணிச்சல் வரும்?

பலன்? சரியாக 18-வது நாள், கியூபாவில் ரஷ்ய ஏவுகணை இருக்கிறது என்று கென்னடியின் மேஜைக்குப் போட்டோ வந்தது. ஆனாலும் மறுவருஷம் ஆகஸ்ட் 5 அன்று, பூமிக்கு மேலே வெடிப்பதில்லை என்று மாஸ்கோவில் மூன்று வல்லரசுகள் கையெழுத்துப் போட்டன. தொரப்பள்ளிக்காரர்கள் கிரெடிட் கேட்டால் நான் கொடுத்துவிடுவேன்.

அணை வந்துவிட்டது. நந்தி மலைப் பக்கம் ‘தட்சிண பினாகினி’யாகப் புறப்படுகிற ஆறு, எல்லை தாண்டியதும் ‘தென்பெண்ணை’ என்று பெயர் மாற்றிக்கொள்கிறது. நடுவில் பெங்களூரின் சோப்புத் தண்ணீர் மொத்தத்தையும் லக்கேஜாக வாங்கிக்கொள்கிறது. ஷட்டருக்குக் கீழே ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை, காற்றில் பிய்ந்து பிய்ந்து பறந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

“இதுக்கு ஒப்பந்தம் எதுவும் இல்லையா மாமா?”

“இருக்கே. 1892. மெட்ராஸ், மைசூர் ரெண்டு பேரும் போட்டது. மெட்ராஸைக் கேக்காம மைசூர் மேலே புதுசா அணை கட்டக் கூடாதுன்னு. ஷாம்பூ பத்தி அதுல பேச்சே இல்லை.”

அந்த நேரம் பார்த்து அவன் போன் அடித்தது. ஸ்கிரீனில் ஒரு நுரைக்கட்டி வந்து உட்கார, துடைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டான். அப்பா.

“டேய், ஒண்ணு கேக்க மறந்துட்டேன். நீ மேனேஜ்மென்ட் சைடா, யூனியன் சைடா?”