ஆட்சேர்ப்புப் பிரிவுக்கு ஒரு நன்றிக் கடிதம்

அனுப்புநர்: சட்டம் படிக்கும் ஒரு மாணவி, ஹரோ, லண்டன்.

பெறுநர்: பட்டதாரி ஆட்சேர்ப்புப் பிரிவு, லண்டன் சிட்டியில் உள்ள ஒரு பெரிய சொலிசிட்டர் நிறுவனம். (ஊரைச் சொன்னாலும் பேரைச் சொல்லக் கூடாது.)

பொருள்: பயிற்சி இடம் தராதமைக்கு நன்றி தெரிவித்தல்.

பார்வை: 'பதில் அனுப்ப வேண்டாம்' என்ற முகவரியிலிருந்து வந்த தங்கள் மின்னஞ்சல்.

பெருமதிப்புக்குரியீர்,

பதில் அனுப்ப வேண்டாம் என்று தாங்களே கேட்டுக்கொண்டதால் இதைப் பத்திரிகை வழியாக எழுதுகிறேன்.

என் விண்ணப்பத்தை மிகுந்த கவனத்துடன் பரிசீலித்ததாகச் சொல்லியிருந்தீர்கள். இணையவழிச் சோதனையை நான் முடித்தபோது இரவு பதினொன்றரை தாண்டிவிட்டது. பல் துலக்கிவிட்டு வருவதற்குள் தங்கள் கடிதம் வந்து நின்றது. அந்த நேரத்திலும் ஓர் அதிகாரி கண்விழித்து, என் கட்டுரைகளை ஒருவரி விடாமல் வாசித்து, மனம் வருந்தி, மறுப்பையும் எழுதி முடித்திருக்கிறார் என்றால் அந்தக் கடமையுணர்ச்சிக்கு முன் நான் எம்மாத்திரம்?

சோதனை என்றது வாட்சன் கிளேசர். தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு பத்தியைத் தருவார்கள். அதிலிருந்து எடுத்த ஊகம் உண்மையா, பெரும்பாலும் உண்மையா, தரவு போதாதா, பெரும்பாலும் பொய்யா, பொய்யா என்று சொல்ல வேண்டும். இதில் நான் தேறவில்லை போலும். ஆனாலும் பயிற்சியை விடவில்லை. தங்கள் மின்னஞ்சலையே வைத்துச் செய்து பார்த்தேன்.

கூற்று: 'இவ்வாண்டு வந்த விண்ணப்பங்களின் தரம் வழமையைவிட உயர்ந்திருந்தது.' முதல் ஊகம்: என் விண்ணப்பத்தை ஒரு மனிதர் வாசித்தார். விடை: தரவு போதாது. இரண்டாவது ஊகம்: சென்ற ஆண்டு தரம் குறைவாக இருந்தது. விடை: பெரும்பாலும் பொய். சென்ற ஆண்டும் இதே வரியைத்தான் அனுப்பியிருந்தீர்கள்.

'எங்கள் நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?' என்ற கேள்விக்கு வருகிறேன். 250 சொற்கள். தங்கள் தளத்தைப் படித்தேன்: உலகெங்கும் அலுவலகங்கள், கைகொடுத்து உயர்த்தும் பண்பாடு, முதல்தர வாடிக்கையாளர்கள். பக்கத்துத் தெரு நிறுவனத்தின் தளத்தையும் படித்தேன்: முதல்தர வாடிக்கையாளர்கள், உலகெங்கும் அலுவலகங்கள், கைகொடுத்து உயர்த்தும் பண்பாடு. வரிசை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடைசியில், ஒரு கம்பனி இன்னொன்றை வாங்கிய செய்தியைப் பிடித்துக்கொண்டேன். வாங்கியவருக்குத் தாங்கள் ஆலோசனை சொன்னீர்கள். தங்கள் வாதத்திறம் என்னைக் கவர்ந்தது என்று எழுதினேன். விற்றவருக்கு ஆலோசனை சொன்னவர்களுக்கும் விண்ணப்பித்தேன். அவர்கள் வாதத்திறமும் என்னைக் கவர்ந்தது. கடன் கொடுத்த வங்கியின் சொலிசிட்டர்களையும் நான் விட்டுவைக்கவில்லை. ஒரே ஒப்பந்தம், மூன்று தரப்பு, மூன்று காதல் கடிதம். வணிகச் சட்டத்துக்கு வேண்டிய மனப்பக்குவம் எனக்கு இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அடுத்தது 'வணிக விழிப்புணர்வு'. 'அண்மையில் ஒரு வணிகத்தைப் பாதித்த மாற்றம் ஒன்றை விளக்குக.' நான் எழுதியது மாமாவின் கடையைப் பற்றி. சனி ஞாயிறுகளில் டில்லில் நிற்பது நான்தான். ஒருமுறை பாவித்து எறியும் வேப்புகளை விற்பதற்கு 2025 ஜூன் 1 முதல் பிரித்தானியாவில் தடை வந்தது. மாமா பல வாரங்களுக்கு முன்பே ஓடரை நிறுத்தினார். மொத்த வியாபாரியோடு வாதாடி, உடைக்காத பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்தார். மிச்சத்தை விலை குறைத்துத் தள்ளினார். காலியான தட்டில் என்ன வைத்தால் அதே வாடகைக்குக் கட்டும் என்று, காட் மெஷின் கழிவையும் சேர்த்து, பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். சட்டமாற்றம், இருப்பு, பேரம், லாபவிகிதம் எல்லாம் அந்த ஒரு துண்டுக் காகிதத்தில் இருந்தன. ஆனால் மாமாவுக்கு உலகெங்கும் அலுவலகங்கள் இல்லை. அதனால் அது வணிகத்தில் சேராது என்று இப்போது விளங்குகிறது.

சென்ற ஆண்டு வீடியோ நேர்காணல் வரை வந்தேன். எதிரே ஆள் கிடையாது. என் முகமும் ஒரு கடிகாரமும்தான். யோசிக்க 30 விநாடி, பேச இரண்டு நிமிடம். 'அழுத்தமான சூழலில் நிதானமாகச் செயற்பட்ட ஓர் அனுபவம்' என்று திரையில் எழுத்து வந்ததும் குசினியில் அம்மா கிரைண்டரைப் போட்டார். வேறெங்கும் உதாரணம் தேட வேண்டியிருக்கவில்லை. தனிப்படிப்பறை உள்ள பிள்ளைகளுக்கு இந்த வசதி கிடைக்காது, பாவம்.

இன்னொன்று. விண்ணப்பம் எழுதச் செயற்கை நுண்ணறிவைத் தொடவில்லை என்று உறுதிமொழி வாங்கினீர்கள். கொடுத்தேன். அதே தளத்தில் இரண்டு பக்கம் தள்ளி, ஒப்பந்தங்களை வாசிக்கத் தங்கள் சட்டத்தரணிகள் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு சாதனை படைப்பதாகப் போட்டிருந்தது. உள்ளே வந்த பிறகுதான் சொந்தமாக யோசிப்பதை நிறுத்த வேண்டும் என்ற ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது.

எல்லாம் ஆறு மாதத்துக்கு ஒரு பிரிவாக, நான்கு பிரிவில் உட்காரும் இரண்டு வருடப் பயிற்சிக்காகத்தான். அதற்கு இரண்டு வருடம் முன்னரே ஆள் எடுத்துவிடுகிறீர்கள். அதற்கும் முன்னர் விடுமுறைக்காலப் பயிற்சிக்கு வந்து போயிருந்தால் நல்லது. அப்படியானால் பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே ஒரு பிள்ளைக்குக் கம்பனி இணைப்புகளில் தீராத மோகம் இருக்க வேண்டும். இருந்தால் பெற்றோர் வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

2021இல் சொலிசிட்டர் தகுதித் தேர்வு வந்தபோது இனிக் கதவு அகலத் திறக்கும் என்றார்கள். சட்ட உதவி நிலையத்திலோ வேறு அலுவலகத்திலோ இரண்டு வருடம் வேலை பார்த்தாலும், நான்கு இடங்கள் வரை சேர்த்துப் பயிற்சியாகக் கணக்குக் காட்டலாம். உண்மைதான். ஆனால் தேர்வுக் கட்டணம் மட்டும் 4,500 பவுண்டுக்கு மேல். தாங்கள் எடுத்தால் தாங்கள் கட்டுவீர்கள். எடுக்காவிட்டால் மாமா கட்டுவார். 2024இல் பெரிய நிறுவனங்கள் சில, புதிதாகத் தகுதி பெறும் சொலிசிட்டரின் ஆண்டுச் சம்பளத்தை 150,000 பவுண்டாக்கின. மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுத மட்டும் ஆளில்லை.

வேலை தாருங்கள் என்று கேட்கவில்லை. 'வர வரப் பரிசீலிப்போம்' என்று போட்டுவிட்டு, இடங்கள் நிரம்பிய பிறகும் கடைசி நாள் வரை பிள்ளைகளை எழுதவைக்காதீர்கள். நிரம்பிய அன்றே சாத்திவிட்டோம் என்று சொல்லுங்கள். மறுத்தால், எந்தக் கட்டத்தில், எதனால் என்று ஒரு வரி எழுதுங்கள். தங்கள் தொழிலில் நேரத்தை ஆறு நிமிட அலகுகளாகத்தானே கணக்கு வைப்பது? ஓர் அலகு போதும். பில்லை எனக்கே அனுப்பலாம்.

இப்படிக்கு,
விண்ணப்ப எண்ணாக மட்டுமே தாங்கள் அறிந்த
ஹரோ மாணவி