கையெழுத்தின் மகிமை

கொல்கத்தாவின் கரியாஹாட் நடைபாதையில் சேலை விற்பவர் பழைய காலத்து ஆள், பாவம். பேரம் படிந்துவிட்டால் அந்த விலைக்கே கொடுத்துவிடுகிறார். தாளும் இல்லை, கையெழுத்தும் இல்லை. கார் டீலர்கள் முன்னேறியவர்கள். முன்பணம் வாங்கி, பக்கம் பக்கமாகக் கையெழுத்தும் வாங்கி, கூடுதலாகத் தருகிறவருக்கு வண்டியைக் கொடுத்து, நமக்குப் பெட்ரோல் செலவையும் பார்க்கிங் தொல்லையையும் மிச்சப்படுத்துகிறார்கள். நாம் பின்வாங்கினால் மட்டும் முன்பணத்தில் பிடித்தம். ஒழுக்கம் கற்பிக்கக் கட்டணம் வேண்டாமா? இத்தகைய உபகாரிகளிடம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவைக் காட்டி நஷ்டஈடு கேட்பது நன்றிகெட்டதனம். நம் கையெழுத்து நம்மைக் கட்டும். அவர்கள் போட்டது ஆட்டோகிராஃப்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குத்தான் ரசனை போதாது. தகுந்த காரணமின்றி ஒருதலையாக முறித்துக்கொள்ள இடம் தரும் ஒப்பந்தத்தை அது நியாயமற்றது என்கிறது. அத்தகைய ஒப்பந்தத்தின் மீது, குடியிருக்கும் மாநிலத்து நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுக்குள் புகார் தரலாமாம். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.