எண்ணெய் விசாரம்

தம் சொந்த உடம்புக்கு வருஷத்தில் ஒரு தரம், தீபாவளியன்று, அதுவும் வீட்டார் பிடித்து மணையில் உட்கார வைத்தாலொழிய எண்ணெய் தேய்த்துக்கொள்ளாத ஒரு மனிதர், தம்முடைய பழைய டீசல் காருக்கு எந்த எண்ணெய் ஒத்துக்கொள்ளும் என்ற விசாரத்திலேயே மற்ற 364 நாட்களையும் கழிக்கிறார் என்றால், அவரை நீங்கள் வேறெங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே, காலை ஆறு மணிக்கு, பானெட்டைத் தூக்கி நிறுத்திய ஒரு வெள்ளைக் காருக்கு முன்னால், தோளில் துண்டும் கையில் ஆயில் ஸ்டிக்குமாக நின்றுகொண்டிருப்பார். வங்கியிலோ மின்வாரியத்திலோ பொறுப்பான உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்; பிறரிடம் இரைந்து பேசாத சாந்த சுபாவி; கடன் வாங்காதவர். ஆனால் "எந்த ஆயில் சார் ஊத்துறீங்க?" என்று மட்டும் அவரிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டவர் அன்று ஆபீசுக்கு லீவு போட வேண்டியதுதான்.

வண்டி பெரும்பாலும் 2007-ஐ ஒட்டி வெளிவந்த ஸ்விஃப்ட் டீசலாக இருக்கும். இத்தாலிய ஃபியட் கம்பெனியாரின் அந்த 1.3 லிட்டர் எஞ்சினை மாருதி, டாடா, செவ்ரலே என்று பலரும் தங்கள் வண்டிகளில் பொருத்தியதால், மோட்டார்ப் பத்திரிகைக்காரர்கள் அதற்கு 'தேசிய எஞ்சின்' என்றே பட்டம் சூட்டினார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் அமலுக்கு வந்தபோது மாருதிக் கம்பெனி டீசல் வண்டிகளையே கைவிட்டது. அன்று முதல் நம்மவருக்குத் தம் கார் வெறும் காரல்ல. அருகிப்போன ஒரு வம்சத்தின் பிரதிநிதி. "டில்லியா இருந்தா பத்து வருஷத்துல தூக்கிப் போடச் சொல்லிடுவான். 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லிச்சு, 2018-ல சுப்ரீம் கோர்ட்டும் சரின்னுடுச்சு. நம்ம ஊர்ல எஃப்.சி. காட்டி ஓட்டிக்கிட்டே இருக்கலாம்" என்று சொல்லும்போது, தமிழ்நாட்டில் பிறந்ததற்காக அவர் அடையும் பெருமிதம் முகத்தில் தெரியும். இரண்டேகால் லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. டர்போ இன்னும் கம்பெனி டர்போதான். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் எப்போதும் குரலைத் தாழ்த்தியே சொல்வார், கண்ணேறு பட்டுவிடக் கூடாதல்லவா!

அவருடைய காலைக் கைங்கரியத்தைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஸ்டிக்கை மெதுவாக உருவி, திருப்பூர் பனியன் வேஸ்டால் துடைத்து, மறுபடி சொருகி, மறுபடி உருவி, மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே எண்ணெய் எங்கே நிற்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆராய்வார். பிறகு நுனியில் தேங்கிய சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, கண்ணை மூடி அதன் வழவழப்பை அநுபவித்து, மூக்கருகே கொண்டுபோய் டீசல் வாடை கலந்திருக்கிறதா என்று முகர்வார். அடுத்த சொட்டு மை ஒற்றும் தாளில் விழும். கரி நடுவிலேயே விளிம்பு கட்டி நின்றுவிட்டால், கரியைத் தன்னுள் மிதக்க வைக்கும் சக்தி எண்ணெய்க்குப் போய்விட்டதென்று பொருள். வெளியே பரவிச் சாம்பல் நிறமாக மங்கினால் இன்னும் சத்து இருக்கிறது. இது அவர் கண்டுபிடித்த சோதனையன்று. டீசல் எஞ்சின்காரர்கள் நெடுங்காலமாகச் செய்து வருவதுதான். மை ஒற்றும் தாள் கிடைக்காத நாட்களில் கல்யாணப் பத்திரிகையின் பின்புறத்தில் செய்து பார்த்துத் தேதியும் குறித்து வைக்கிறாரே, அதுதான் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. வழவழப்பான அந்த அட்டை எண்ணெயை உறிஞ்சாது என்பதால் முடிவு எதுவும் தெரிவதில்லை. உறவினர் வீட்டு முகூர்த்தப் பத்திரிகைகள் மட்டும் கறை படிந்து அலமாரியில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

அவ்வழியே நடைப்பயிற்சி போகும் அண்டைவீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், இப்போதான் மாத்தினீங்க, அதுக்குள்ள மை மாதிரி கறுத்துப்போச்சே!" என்று அநுதாபம் தெரிவித்தால், நம்மவர் அவரைக் கருணையோடு நோக்குவார். டீசல் எஞ்சினில் புதிய எண்ணெய் சில நூறு கிலோமீட்டருக்குள் கறுப்பது இயல்பு; எஞ்சினின் கரியை எண்ணெய் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. இந்த விஷயத்தில் அவர் சொல்வது முற்றிலும் சரி. இங்கேயே நிறுத்திக்கொண்டாரானால் உலகம் அவரை ஓர் அறிஞராக மதித்திருக்கும்.

நிறுத்த மாட்டார். எண்ணெயின் கனத்தைக் குறிக்கும் எண்கள் இருக்கின்றனவே, 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று, அவற்றிலே புகுந்தாரானால் மீண்டு வருவது துர்லபம். முன்னால் நிற்கும் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதில் இளகி நகரும் என்பதையும், பின்னால் நிற்பது 100 டிகிரி சூட்டில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் காட்டுவன. 15டபிள்யூ எண்ணெயை மைனஸ் 20 டிகிரிக் குளிரிலும், 5டபிள்யூ எண்ணெயை மைனஸ் 30-லும் வைத்துச் சோதிக்கிறார்கள். மார்கழி விடியலில் 20 டிகிரிக்கே காதை மூடிக் குல்லாய் போட்டுக்கொள்ளும் சென்னையில், மைனஸ் 30-ல் எண்ணெய் என்ன பாடுபடும் என்று ஒரு மனிதர் தூக்கம் கெட்டுக் கிடப்பது பார்க்கப் பரிதாபமாகத்தான் இருக்கிறது. "ஊட்டிக்குப் போனா?" என்பார். அவர் ஊட்டிக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை.

இந்த விசாரத்தில் ஒரு நியாயமும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். டர்போ என்பது அப்படிப்பட்ட வஸ்து. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, உள்ளே போகும் காற்றை அழுத்தித் திணிக்கலாம் என்று சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூக்கி 1905-ல் காப்புரிமை வாங்கி வைத்தார். சின்னக் கார்களில் உள்ள டர்போவின் தண்டு சுண்டுவிரலைவிட மெலிந்தது. உச்ச வேகத்தில் நிமிடத்துக்கு 2,00,000 சுற்றைத் தொடக்கூடியது. ஒரு பக்கம் எரியும் புகை, மறுபக்கம் வெளிக்காற்று, நடுவில் அந்தத் தண்டைத் தாங்குவதோ எண்ணெயின் ஒரு மெல்லிய படலம். அந்த எண்ணெயும் ஓர் ஒடுங்கிய குழாய் வழியாக வந்து சேர வேண்டும். நாள்பட்ட கசடு குழாயை அடைத்தாலும், மிகக் கெட்டியான எண்ணெய் காலையில் சேம்பரிலிருந்து மேலேறி வரத் தாமதித்தாலும், முதலில் உலர்ந்து தவிப்பது டர்போதான்.

இவ்வளவும் தெரிந்த மனிதர் ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டாமோ? வந்தார், பலமுறை வந்தார். முதலில் அவர் கெட்டிக் கட்சியில் இருந்தார். வயதான எஞ்சினில் இடைவெளிகள் அகன்றிருக்கும், ஆகவே கெட்டி எண்ணெய்தான் உசிதம் என்று லாரி ஷெட்டு முதலாளி ஒருவர் ஓதியதன் விளைவு அது. வண்டி அசைய மறுத்தது. பிக்கப் போய்விட்டது என்று வருந்தினார். பெங்களூரிலிருந்து வந்த மருமகன், "மாமா, இந்தக் காலத்துல யாரு மினரல் ஆயில் ஊத்துறாங்க? ஃபுல்லி சிந்தெடிக் போடுங்க" என்று சொன்ன மாத்திரத்தில் கட்சி மாறினார். "நம்ம மணலியிலேயே லூப் ஆயிலுக்கு மூல எண்ணெய் எடுக்கிறான், பிரான்சுக்காரன் டப்பா எதுக்கு?" என்று பழைய சக ஊழியர் ஒருவர் கேட்டதும் சுதேசியானார். லேபிளில் புதிய எழுத்து எதைக் கண்டாலும் அதுவே சிரேஷ்டம் என்று எண்ணுவது அவருடைய இன்னொரு பலவீனம். புகைக் குழாயில் கரி வடிகட்டி உள்ள புதிய வண்டிகளுக்காகச் சாம்பல் குறைத்துச் செய்த விலையுயர்ந்த எண்ணெயை, வடிகட்டியே இல்லாத தம் வண்டிக்கு வாங்கி ஊற்றிவிட்டு ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தார். உண்மை என்னவென்றால், எஞ்சின் எண்ணெய் குடிப்பது ரிங் தேய்ந்ததாலோ டர்போவின் சீல் கசிவதாலோ என்றால், எண்ணெயைக் கெட்டியாக்குவது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. வண்டியோடு கம்பெனி கொடுத்த புத்தகம் அநுமதிக்கும் எல்லைக்குள் 30-லிருந்து 40-க்கு ஏறுவது நம் ஊர் வெயிலில் ஓடித் தேய்ந்த வண்டிக்குப் போதுமானது. புத்தகம் வண்டியின் டேஷ்போர்டு அறைக்குள்ளேயே இருக்கிறது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"பொண்ணுக்கு ஜாதகம் பார்த்தப்போ பத்துல ஆறு பொருத்தம் இருந்தா போதும்னீங்க, இந்த டப்பாவுக்கு மட்டும் பத்துக்குப் பத்தும் வேணுமாக்கும்" என்று அவருடைய மனைவி ஒருமுறை சொன்னார். அதற்கு அவர், பெண்ணைக் கட்டிக் கொடுத்த இடத்தில் டர்போ இல்லை என்று பதில் சொன்னதாகக் கேள்வி.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடையில் அவர் எண்ணெய் வாங்கும் அழகே அழகு. போலிச் சரக்கு பற்றிய பயம் அவருக்கு உண்டு, அது அவசியமான பயந்தான். கேனின் மூடியைத் திருகிப் பார்த்து, சீலை நகத்தால் சுரண்டி, தயாரித்த தேதியையும் பாட்ச் எண்ணையும் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்து, ஒரே அலமாரியிலிருந்து ஐந்தாறு கேன்களை இறக்கச் சொல்லி, கடைசியில் முதலில் பார்த்ததையே வாங்குவார். ஷெட்டில் எண்ணெய் ஊற்றி முடித்ததும் காலிக் கேனில் ஸ்க்ரூ டிரைவரால் ஓட்டை போட்டுவிடுவார், அதில் வேறு எவனும் கழிவெண்ணெயை அடைத்து விற்றுவிடாதபடி. மெக்கானிக் பையன், "சார் சார், அத்த ஓட்டை போடாதீங்க, டீசல் புடிச்சு வெக்க ஆவும்" என்று கெஞ்சுவான், தர்மம் தர்மந்தான். அதே பையனிடம், டிரெயின் போல்ட்டைக் கழற்றிப் பழைய எண்ணெய் முழுவதும் தட்டில் இறங்கிய பிறகு, "தம்பி, பேசாம போன தடவ ஊத்தினதையே ஊத்திடலாமா?" என்று அவர் கேட்டதுண்டு.

டர்போ வைத்த வண்டியை வேகமாக ஓட்டி வந்து சட்டென்று நிறுத்தினால், சூடேறிய பேரிங்கில் தங்கிய எண்ணெய் கரிந்து கட்டியாகிவிடும். ஆகையால் ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு நிறுத்துவது நல்லது. நம்மவர் அதை மூன்று நிமிஷமாக்கி விரதம்போல் அநுஷ்டிக்கிறார். தம்பி மகள் கல்யாணத்தன்று, மாம்பலத்து நெரிசலில் அரைமணி நேரம் ஊர்ந்து வந்து மண்டப வாசலில் சேர்ந்தபோது, குடும்பத்தார் அனைவரும் இறங்கி ஓடிவிட்டனர். அவர் மட்டும் ஸ்டியரிங்கின் முன்னால் கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. அவர் எஞ்சினை அணைத்தார். ஊர்ந்து வந்த வண்டியில் டர்போ ஏற்கெனவே ஆறிப்போய்த்தான் இருந்திருக்கும், மூன்று நிமிஷமும் வீண் என்பதை எடுத்துச் சொல்லலாமென்றால், அட்சதை போடத் தவறிய மனிதரிடம் அந்த வேளையில் யாருக்குத்தான் மனம் வரும்?

அமெரிக்காவில் 1962-ல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்றொரு கார் வந்தது. டர்போ பொருத்தி விற்பனைக்கு வந்த முதல் கார்களுள் ஒன்று. அதன் எஞ்சினுக்குள் எரிபொருள் முறை தவறி வெடிக்காமல் காக்க மெத்தனாலும் நீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கினவர்கள் நிரப்ப மறந்தார்கள். பலர் டர்போவையே கழற்றிவிட்டார்கள். இரண்டே வருஷத்தில் கார் மறைந்தது. நம்மவர் போன்ற நூறு பேர் அன்று அந்த நாட்டில் இருந்திருந்தால் தொட்டி ஒருநாளும் காலியாகியிராது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, திரவம் எந்தக் கம்பெனியது என்ற தர்க்கம் மட்டும் இன்றுவரை முடிந்திராது.

இத்தனையும் சொன்ன பிறகு ஓர் உண்மையைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று. அவருடைய வண்டி நன்றாக ஓடுகிறது. காலையில் ஒரே சுழற்சியில் பற்றிக்கொள்கிறது, நீலப் புகை இல்லை, டர்போ ஊளையிடவில்லை, எண்ணெயின் அழுத்தத்தை நம்பியே இறுகி நிற்கும் டைமிங் செயின் கடகடக்கவில்லை. அதற்குக் காரணம் தாம் தேர்ந்தெடுத்த எண்ணெய்தான் என்று அவர் சாதிப்பார். எந்த எண்ணெய் என்று கேட்டால் மாதத்துக்கு ஒரு பெயர் சொல்வார். நிஜக் காரணம் வேறு. கம்பெனிப் புத்தகம் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றச் சொல்கிறது. இவரோ, ஊற்றிய எண்ணெயின் மேல் 5,000 கிலோமீட்டருக்குள் நம்பிக்கை இழந்து, அடுத்ததைப் பரீட்சித்துப் பார்க்கும் ஆவலில் பழையதை இறக்கி, ஃபில்டரோடு மாற்றிவிடுகிறார். கசடு சேர அவர் அவகாசம் கொடுப்பதே இல்லை. எந்த எண்ணெயையும் நம்பாத ஒருவரிடம் இருப்பதால்தான் அந்த எஞ்சின் பிழைத்திருக்கிறது.

ஆகையால் பழைய டர்போ டீசல் வண்டி வாங்க விரும்பும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: இப்படிப்பட்டவர் வண்டியை விற்கிறார் என்று கேள்விப்பட்டால், மெக்கானிக்கை அழைத்துப் போக வேண்டாம், விலையிலும் அதிகம் கறாராக நிற்க வேண்டாம், வாங்கிவிடுங்கள். வாங்கும்போது உங்கள் தொலைபேசி எண்ணை மட்டும் அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.