வாச்சு கட்டின பெரியவருக்கு

வாரும் வே, உக்காரும். மணி என்னன்னு கேட்டா நாடி 78-ன்னு சொல்லுதீரு! பெங்களூர்ல இருக்க மவன் வாங்கி அனுப்பின வாச்சு. புளியறை பஸ் ஸ்டாப்புல வாறவன் போறவன் பூராப் பேருக்கும் மணிக்கட்டை நீட்டிக் காட்டியாச்சு. கட்டும், நல்லாக் கட்டும். ஆனா அது சொல்லுத எல்லாத்தையும் வேதவாக்குன்னு நம்பிராதேயும்.

அதுக்கு அடியில பச்சை வெளிச்சம் மினுக்குதுல்லா, தோலுக்குள்ள ரத்தம் ஏறி இறங்குறதைத்தான் அது பாக்குது. எங்க மதினிக்குக் கட்டிப் பாத்தோம். சின்ன வயசுல பச்சை குத்தின தேளு அவ மணிக்கட்டுல இன்னும் கருகருன்னு கெடக்கு. மையைத் தாண்டி வெளிச்சம் போவலை. உக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருக்கவளுக்கு நாடி இல்லைன்னு வாச்சு வெறுங்கோடு போட்டுட்டு. 2015-ல ஆப்பிள் வாச்சு வந்த புதுசுலேயே பச்சை குத்தின அமெரிக்காக்காரனுவளுக்கும் இதே கூத்துதான். கம்பெனியே ஒத்துக்கிட்ட சங்கதி.

அடி எண்ணுத லெச்சணம் அதைவிட. மதினி வயல்லேருந்து புல்லுக்கட்டைத் தலையில வச்சு, ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு வந்தா. கை ஆடலைல்லா, வாச்சு பாதி நடையை முழுங்கிட்டு. நீரு திண்ணையில இருந்து கொசு விரட்டினதுக்கு அள்ளிக் குடுத்திருக்கு.

10,000 அடி நடக்கணும்னு உயிரை விடுதீரே, எந்த டாக்டரு போட்ட கணக்கு அது? 1965 வாக்குல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணுத மிஷினை விக்க வச்ச பேரு வே! 2019-ல அமெரிக்காவுல, சராசரி 72 வயசுப் பொம்பளையளைப் பாத்த ஆராய்ச்சி ஒண்ணு வந்துச்சு. தெனம் 4,400 அடி நடந்தவளுவளுக்கே சாவு கொறைச்சல். 7,500-க்கு மேல நடந்தும் கூடுதலா ஒண்ணும் கெடைக்கலை. நம்ம தெட்சிணாமூர்த்தி கோயில் 27 படியை ஏறி இறங்கி, அப்படியே வயக்காட்டைச் சுத்தி வாரும்.

ஊசி குத்தாமலே சுகர் பாக்குத வாச்சுன்னு எவனாவது வித்தா ஏமாந்துராதேயும். அப்படி ஒண்ணுக்கும் அனுமதி குடுக்கலைன்னு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியிலேயே எச்சரிச்சாச்சு. 'மக்களைத் தேடி மருத்துவம்'னு 2021-லேருந்து வீட்டுக்கே வாற புள்ளை விரல்ல குத்துதே, அந்தச் சொட்டு ரத்தத்தை நம்பும். அவ வாறப்ப மட்டும் அல்வாப் பொட்டலத்தை ஒளிக்கீரே, அது வேற கதை.

குத்தாலத்துக்குப் போனா கழட்டி வச்சிட்டுக் குளியும். தண்ணி தாங்கும்னு அட்டையில போட்டிருக்கது சும்மா கெடக்க தண்ணிக்கு. மெயின் அருவி மண்டையில போடுத போடுக்கு இல்லை. கெணத்தடியில வழுக்கி விழுந்தா தானா போன் போடுத வாச்சு உண்டு. அந்த ஒரு வேலைக்காவே கட்டலாம். உம்மதுல அது இருக்கான்னு மவன்கிட்டக் கேட்டீரா?

எங்க கேக்க! முன்னெல்லாம் ராத்திரியானா 'சாப்ட்டியளாப்பா'ன்னு கூப்பிடுவான். இப்ப உம்ம நாடி, தூக்கம் எல்லாம் அவன் போன்லேயே தெரியுதாம், பேச்சு கொறஞ்சு போச்சுன்னு நீருதானே பொலம்பினீரு? ஒரு வழி சொல்லுதேன், என் பேரை வெளிய விட்டுராதேயும். நாளைக்குக் காலையில வாச்சைக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிரும். அப்பாவுக்கு நாடியும் காணோம் நடையும் காணோம்னு போன் அலறும். அலறட்டும். மூணாவது தடவை அடிக்கையில எடுத்து, 'யாரு பேசுதது?'ன்னு கேளும்.